இல்லாத காதுக்கு வந்த எண்ணெய்

மிச்சம், லண்டன்
பங்குனி 16

என்ர அன்பான பிள்ளை கோசிகாவுக்கு,

அம்மா எழுதுறன். நானும் அப்பாவும் இஞ்ச ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறம், நீயும் அங்க கல்கரிக் குளிரில தடிமன் காய்ச்சல் ஒண்டும் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பாய் எண்டு நம்பிக்கொண்டுதான் பேனையை எடுத்தனான். என்ர முழங்கால் மழை வரமுந்தி ஒரு நாள் முன்னமே சொல்லிப்போடும், லண்டனில அது சொல்லித்தான் மழை தெரியவேணுமெண்டு இல்லை. அப்பாவுக்குப் பிறஷர் இப்ப கட்டுப்பாட்டில நிக்குது. பஸ் ஓடுறதை விட்டு ரெண்டு வருஷமாகியும் மனிசன் சந்தியில பஸ்ஸைக் கண்டால் ட்ரைவர் எப்பிடித் திருப்புறான் எண்டு நிண்டு பாத்து, தலையை ஆட்டிப்போட்டுத்தான் வீட்டை வருவார். இந்தக் காலத்தில ஆர் கடிதம் எழுதுகினம் எண்டு நீ சிரிப்பாய். ஃபோனில எண்டால் நான் ஒண்டைச் சொல்லத் தொடங்க நீ சரி அம்மா சரி அம்மா எண்டு வேற வேலை பாப்பாய், வாட்சப்பில எண்டால் நான் ஒரு எழுத்தை அமத்த அது வேற எழுத்தைப் போடுது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னைப் பதினொரு வருஷம் இழுத்துக்கொண்டு திரிஞ்சது வீண்போகாமல் எழுத்துக்கூட்டியாவது இதை முழுக்க வாசி. பாதியில சிரிப்பு வரும், சிரிச்சுப்போட்டு மூடி வைக்காத, கடைசி வரைக்கும் வா.

நீயும் நிரோஜனும் பிரிஞ்சதை நான் இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டது உனக்குத் தெரியும். அம்மா சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்தா எண்டுதான் நீ நினைச்சிருப்பாய். வாயை மூடியிருந்தால் எவ்வளவு நல்லம். மூண்டரை வருஷத்துக்கு முந்தி ஆவணியில பெரியம்மான்ர மகன் ஜதுசன்ர கலியாணத்தண்டு, ஹோல் வாசலில பன்னீர்த் தட்டோட நிக்கிறன், வாற சனமெல்லாம் எங்க, மகளும் மருமகனும் வரேல்லையோ எண்டு கேக்கினம். முதல் ரெண்டு பேருக்கு லீவு கிடைக்கேல்லை எண்டன். மூண்டாவதா வந்தவ ரெண்டு பேருக்குமோ லீவில்லை எண்டு என்ர முகத்தையே பாத்துக்கொண்டு கேட்டா. வாயில வந்ததைச் சொன்னன், மருமகனுக்குக் காதில ஒரு வருத்தம், பிளேன் ஏறக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார், அவரைத் தனிய விட்டிட்டு அவளாலயும் வர ஏலாது எண்டு. ஐயோ பாவம் எண்டு போட்டு அவ உள்ள போட்டா. அண்டைக்குத் தொடங்கினதுதான் அந்தக் காது வருத்தம்.

அதோட முடிஞ்சுதெண்டு நினைச்சன் பிள்ளை. எங்க முடிஞ்சுது. அடுத்த கிழமை கோயிலில ஒருத்தி எந்தக் காது எண்டு கேட்டா, இடது எண்டன். தீபாவளிக்கு இன்னொருத்தி கேக்க மறந்துபோய் வலது எண்டன். ரெண்டு பேரும் ஒண்டாச் சந்திச்சால் என்ன செய்யிறதெண்டு பயந்து, பேந்து ரெண்டு காதும் எண்டு ஆக்கிப்போட்டன். சமையலறைக் கலண்டரின்ர பின்பக்கத்தில பென்சிலால எழுதி வைச்சிருந்தனான், தையில ஒப்பரேஷன் வேண்டாமாம், வைகாசியில இரைச்சல் கொஞ்சம் குறைவு, புரட்டாதியில வேலையில உயர்வு எண்டு. ஓம், வேலையிலயும் உயர்த்திவிட்டனான். எங்கட வெந்தயக் குழம்பெண்டால் உயிரை விடுவார் எண்டும், ஞாயிற்றுக்கிழமையில தானே ஃபோன் எடுத்து மாமி எப்பிடி இருக்கிறியள் எண்டு கேப்பார் எண்டும் சொல்லியிருக்கிறன். உண்மையான நிரோஜன் ஏழு வருஷத்தில என்னோட கதைச்சது எல்லாத்தையும் கூட்டினாலும் ஒரு பின்னேரம் வராது. நல்ல பொடியன்தான், அவரில எனக்கு ஒரு கோபமும் இல்லை, ரெண்டு நல்ல பிள்ளையளுக்கு ஒரு வீட்டுக்குள்ள ஒத்துவரேல்லை. ஆனால் நான் செய்து வைச்ச மருமகன் வலு திறம். சில நாளில அவரை நினைச்சு எனக்கே பெருமையாக் கிடக்கும்.

இப்ப எழுதேக்க சிரிப்பு வருது, அப்ப சிரிப்பில்லை. எங்கயும் வெளிக்கிட முந்தி கலண்டரைத் திருப்பிப் பாக்கோணும். பிறந்தநாள் சாமத்திய வீடெண்டால் பிந்திப் போய் முந்தி வெளிக்கிட்டுப்போடுவன். ஆரும் என்னை நோக்கி வந்தாலே நெஞ்சு படபடக்கும், எங்கட ஜீபி டொக்டரிட்டப் போய் இதயத்தையும் சோதிச்சுப் பாத்தனான், அதில ஒண்டும் இல்லையாம். அப்பா ஒருநாள் ஷேர்ட் மினுக்கிக்கொண்டு நிண்டவர் தலை நிமிராமல் சொன்னார், உமக்கு உது பாரமா இல்லையோ, இறக்கி வையுமன் எண்டு. நான் ஏறி விழுந்தன். உங்களுக்கென்ன, உங்களிட்ட ஆரும் ஒண்டும் கேக்கிறேல்லை எண்டு. மனிசன் கொலரைத் திருப்பிப்போட்டு மினுக்கினார்.

இனித்தான் கதை. எங்கட வியாழக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி உனக்குச் சொன்னனான் தானே. கவுன்சில்காரர் தந்த ஹோல், ரெண்டு ட்ராம் தரிப்புத் தள்ளிக் கிடக்கு. அறுபது தாண்டின தமிழ்ப் பெண்டுகள் ஒரு இருபது பேர் சேருவம், கதிரையில இருந்தபடி கையைக் காலை ஆட்டுறதுக்கு ஒரு பெட்டை வந்து சொல்லித் தருவாள், பிறகு முறை வைச்சுச் சமைச்சுச் சாப்பிடுவம். மாசியில ஒரு வியாழன் என்ர முறை, நானும் டொலறஸும் குசினிக்குள்ள. டொலறஸ் ஆரெண்டால், நீர்கொழும்பில இருந்து வந்தவ, எங்கட றோட்டுக்கு அடுத்த றோட்டு, வாய் கொஞ்சம் கூட, மனம் அதைவிடக் கூட. நான் கத்தரிக்காயைப் பொரிச்சுக்கொண்டு நிக்க மங்களேஸ்வரி அக்கா வந்தா. அவ மோர்டனில இருக்கிறவ, எழுபத்திரண்டு வயசு, மனிசன் செத்தபிறகு வருஷத்தில பாதி யாழ்ப்பாணம் பாதி லண்டன் எண்டு இருக்கிறா, அண்டைக்கு முந்தின நாள்தான் அங்க இருந்து வந்து இறங்கினவ. வந்தவ என்னைக் கட்டிப்பிடிச்சுப்போட்டு பையைத் திறந்து, ரெண்டு துவாயாலயும் ஒரு பழஞ்சீலையாலயும் சுத்தின சாமானொண்டை எடுத்து என்ர கையில வைச்சா. அவிட்டுப் பாத்தால் ஒரு போத்தல் எண்ணெய். கறுப்பு நிறம், மூடிக்கு மேல மெழுகு ஊத்தி ஒட்டிக் கிடக்கு.

சாவகச்சேரிக்கு அங்கால ஒரு வைத்தியர் இருக்கிறாராம், காது வருத்தத்துக்கெண்டே ஆக்கள் தேடிப் போறவையாம். இவ ஏலாத முழங்காலோட ரெண்டு பஸ் மாறிப் போய், காலமை எட்டு மணியில இருந்து பின்னேரம் ரெண்டு மணி வரைக்கும் அங்க மர வாங்கில குந்திக் காத்திருந்திருக்கிறா. வைத்தியர் ஒவ்வொண்டாக் கேட்டவராம், எந்தக் காது, எவ்வளவு காலம், இரைச்சல் எப்பிடி, தலை சுத்துமோ எண்டு. எல்லாத்துக்கும் நான் சொன்னதை ஒரு சொல்லும் மறக்காமல் வைச்சிருந்து மறுமொழி சொல்லியிருக்கிறா. வைகாசியில இரைச்சல் குறைஞ்சது உட்பட. கொழும்பு எயார்போட்டில பெட்டியைத் திறந்து இதென்னெண்டு கேட்டவனோட சண்டை பிடிச்சுத்தான் கொண்டு வந்தவவாம். சொல்லிப்போட்டு என்ர கன்னத்தைத் தொட்டு, மருமகன்ர காது சுகமாகி எங்கட கோசிகாவைக் கூட்டிக்கொண்டு ஒருக்கா வந்து போகட்டும் ஜெயகௌரி, மூண்டு வருஷமா உன்ர முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு எண்டா.

கோசிகா, நான் கல் நெஞ்சுக்காரி இல்லை. போத்தலை மேசையில வைச்சுப்போட்டு, அக்கா காது இல்லை எண்டன். மங்களேஸ்வரி அக்கா திடுக்கிட்டு, என்ன, காதே எடுத்துப்போட்டாங்களோ எண்டா. இல்லையக்கா, மருமகனே இல்லை எண்டன். ஐயோ கடவுளே எண்டு அவ நெஞ்சில அடிச்சுக்கொண்டு கதிரையைப் பிடிக்கிறா, அந்தச் சத்தத்துக்கு ஹோலில கையை ஆட்டிக்கொண்டிருந்த எல்லாரும் எழும்பிக் குசினி வாசலுக்கு ஓடி வந்திட்டினம். நான் அழுதுகொண்டு, சாகேல்லையக்கா சாகேல்லை, ரெண்டு பேரும் பிரிஞ்சு மூண்டரை வருஷமாச்சு, எல்லாம் நான் சொன்ன பொய், காதும் பொய் உத்தியோக உயர்வும் பொய் எண்டு கொட்டிப்போட்டன். இருபது பேர் வாசலில. அடுப்பில கத்தரிக்காய் எண்ணெய்க்குள்ள பொரியுது. நான் கண்ணை மூடிக்கொண்டு நிக்கிறன், இனி என்ன விழப்போகுதோ எண்டு. டொலறஸ் பெரிய மூச்சொண்டு விட்டா. அப்பாடா, இனி அந்தக் காதை விசாரிக்கத் தேவையில்லை எண்டா.

கண்ணைத் திறந்து பாத்தால் வாசலில நிண்டதுகள் எல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிலத்தைப் பாக்குதுகள். உங்களுக்குத் தெரியுமோ எண்டு கேட்டன். ஓமக்கா, எங்களுக்கு எப்பவோ தெரியும் எண்டா டொலறஸ். எப்பவோ எண்டால் எப்ப எண்டு கேக்க, மூண்டு வருஷம் இருக்கும் எண்டினம். பிறகென்னத்துக்குக் காதைக் கேட்டுக் கேட்டு என்ர உயிரை எடுத்தனீங்கள் எண்டால், ஒவ்வொருத்தரா ஹோலுக்குள்ள நழுவப் பாக்கினம். மங்களேஸ்வரி அக்கா மட்டும் சிரிக்கேல்லை. எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாதோ எண்டு கேட்டா. கைப்பையை எடுத்துக்கொண்டு, அந்த வாங்கில ஆறு மணித்தியாலம் இருந்தனான் எண்டு மட்டும் சொல்லிப்போட்டுச் சாப்பிடாமல் வெளிக்கிட்டுப் போட்டா. கத்தரிக்காய் கருகிப்போச்சு, அண்டைக்கு எல்லாரும் பருப்பும் சோறும்தான்.

ட்ராமில வரேக்க அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வருது, முன்னால இருந்த வெள்ளைக்காரி எனக்கு ரிஷ்யூப் பேப்பர் தந்தா. வீட்டை வந்து செருப்பைக் கழட்டாமலே அப்பாவிட்டக் கேட்டன், இது ஊர் முழுக்கத் தெரிஞ்சிருக்கு, ஆர் சொன்னதெண்டு நான் அறியோணும் எண்டு. அவர் மினுக்கிற பெட்டியை நிப்பாட்டிப்போட்டு, நான்தான் சொன்னனான் எண்டார். எனக்கு விளங்கேல்லை. என்னத்தை எண்டன். எல்லாத்தையும் எண்டார். ஜதுசன்ர கலியாணம் முடிஞ்சு ஆறு மாசத்தில, மூண்டு ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து, பஸ் கராஜுக்குப் போறன் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டு வீடு வீடாப் போயிருக்கிறார் மனிசன். ஒவ்வொரு வீட்டிலயும் இருந்து, என்ர பிள்ளையும் மருமகனும் பிரிஞ்சிட்டினம், ஒருத்தரிலயும் பிழையில்லை, பிள்ளை தன்ர காலில நிக்கிறாள், ஜெயகௌரியால இதை இப்ப சொல்ல ஏலாமல் கிடக்கு, அவ தானாச் சொல்லும் வரைக்கும் தெரியாத மாதிரி இருந்து வழமை போலக் காதை விசாரியுங்கோ, திடீரெண்டு கேக்கிறதை விட்டியளெண்டால் அவவுக்கு விளங்கிப்போடும் எண்டு சொல்லியிருக்கிறார். உன்ர அப்பா, ஒரு வீட்டில ஒரு மணித்தியாலத்தில நாலு சொல்லுக் கதைக்காத மனிசன். மங்களேஸ்வரி அக்கா அப்ப யாழ்ப்பாணத்தில நிண்டிருக்கிறா, வந்தபிறகு சொல்ல இவர் மறந்திட்டார்.

நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். என்னை எல்லாருக்கும் முன்னால விசரியாக்கிப்போட்டியள் எண்டன். அவர் கதிரையை இழுத்து இருந்துகொண்டு சொன்னார், பிள்ளையைப் பற்றி ஆரும் கூடாமல் கதைச்சு அது உம்மட காதில விழுந்திருந்தால் நீர் தாங்கமாட்டீர். நானே போய் நேரா முகத்தைப் பாத்துச் சொன்னால் பின்னால கதைக்க ஒண்டும் இராது எண்டு நினைச்சன், ஒரு ஆளும் கூடாத சொல்லுச் சொல்லேல்லை, ஒரு வீட்டில மட்டும் அந்த மனிசன் எழும்பி வந்து என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு தன்ர மகளுக்கும் இப்பிடித்தான் எண்டு அழுதவர் எண்டார். நான் ரெண்டு நாள் அவரோட கதைக்கேல்லை. சோறு மேசையில கிடக்கு எண்டு சுவரைப் பாத்துச் சொல்லுவன். மூண்டாம் நாள் காலமை தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைக்க, பேப்பருக்குப் பின்னால இருந்து மெல்லமாக் கேக்கிறார், மருமகன்ர காது இப்ப எப்பிடி எண்டு. அதுக்குமேல என்னால கோபமா இருக்க ஏலேல்லை பிள்ளை. ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பில தேத்தண்ணி ஆறிப்போச்சு.

அடுத்த வியாழன் ஹோலுக்குப் போக வெக்கமாத்தான் கிடந்தது. போனால் ஒருத்தரும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை, வெங்காயம் வெட்டச் சொல்லிக் கத்தியைத் தந்தவை. வெட்டிக்கொண்டு இருக்க டொலறஸ் கிட்ட வந்து, அக்கா நானும் ஒண்டு சொல்லோணும் எண்டா. அவவின்ர மகன் ஜெராட் பிரிஸ்டலில டொக்டர் எண்டு ஆறு வருஷமா எங்களுக்குச் சொல்லிக்கொண்டு திரிஞ்சவ எல்லோ. பொடியன் ரெண்டாம் வருஷத்தோட படிப்பை விட்டுப்போட்டு இப்ப தச்சுவேலை செய்யிறானாம், ஆக்களுக்குக் குசினி அலுமாரி செய்து பூட்டிக் குடுக்கிறானாம். பாவி, நாங்களெல்லாம் எங்கட சுகர் றிப்போர்ட்டைப் படமெடுத்து அவவுக்கு அனுப்பி மகனிட்டக் கேளுங்கோ எண்டு கேட்டனாங்கள். இப்பதான் விளங்குது ஏன் எல்லா வருத்தத்துக்கும் ஜீபியிட்டப் போகச் சொன்னவன் எண்டு ஒரே மறுமொழி வந்ததெண்டு. சொல்லி முடிச்சுப்போட்டு ஃபோனில அவன் செய்த அலுமாரியளைக் காட்டினா. என்ன வடிவு தெரியுமோ. படத்தைத் தள்ளத் தள்ள அவவின்ர முகம் மலர்ந்து போகுது, ஆறு வருஷமா இதைக் காட்ட ஏலாமல் தன்ர பிள்ளையின்ர கெட்டித்தனத்தைத் தானே ஒளிச்சு வைச்சிருந்திருக்கிறா. எங்கட குசினிக்கும் ரெண்டு செய்து தரச் சொல்லிக் கேட்டிருக்கிறன், சித்திரைக்குப் பிறகு வந்து அளவெடுப்பானாம்.

மங்களேஸ்வரி அக்கா மட்டும் வரேல்லை. ஃபோன் எடுத்தால் எடுக்கிறேல்லை. ரெண்டு கிழமை பாத்துப்போட்டு, அப்பா தான் வாறன் எண்டு சொல்லியும் விடாமல், பஸ் எடுத்து மோர்டனுக்குத் தனியப் போனன். கதவைத் திறந்தவ இருமெண்டும் சொல்லேல்லை போமெண்டும் சொல்லேல்லை, உள்ள நடந்தா, நானும் பின்னால போய் இருந்தன். அக்கா, பிரிஞ்சதை மறைச்சது வெக்கத்தில, உங்களை வாங்கில இருத்தினது என்ர மடைத்தனத்தில, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டன். நீ பிரிஞ்சதைச் சொல்லேல்லை எண்டு எனக்குக் கோபமில்லையடி எண்டா அவ. பிறகு சொன்னதைத்தான் நான் உனக்கு எழுதோணும் எண்டு இந்தக் கடிதத்தையே தொடங்கினனான். அவ சொன்னா, நான் அந்த வைத்தியரிட்ட ஒரு ஆம்பிளையின்ர காதுக்கு மருந்து கேட்டு ஆறு மணித்தியாலம் இருந்தன், அந்த நேரம் ஒரு பெட்டைப்பிள்ளை பனிக்குள்ள தனிய நிண்டிருக்கு. எனக்குத் தெரிஞ்சிருந்தால் நான் அவளுக்கெல்லோ ஏதாவது கொண்டு வந்திருப்பன் எண்டு.

கோசிகா, மூண்டு வருஷமா எல்லாரும் இல்லாத ஒரு காதை விசாரிச்சினம், உன்னை விசாரிக்க நான் ஒருத்தரையும் விடேல்லை. அவள் எப்பிடி, தனியச் சமைக்கிறாளோ, அழுறாளோ, சிரிக்கிறாளோ எண்டு கேக்க இவ்வளவு சனம் இருந்திருக்கு, நான் குறுக்கால நிண்டிருக்கிறன். அதிலயும் கூடாதது ஒண்டு. ஜதுசன்ர கலியாணத்துக்கு நீ ரிக்கற்றும் போட்டு, பச்சைச் சீலையும் எடுத்து, பிளவுஸும் தைச்சு வைச்சிருந்தனி. நான்தான் ஃபோனில சொன்னனான், இப்ப வராத பிள்ளை, சனம் கேக்கும் எண்டு. நீ சரி அம்மா எண்டனி. அண்டைக்குத் தாலி கட்டேக்க ஜதுசன்ர கூட்டாளிப் பொடியன் கலியாணத்தை ஃபோனில நேரடியா அனுப்பிக்கொண்டு நிண்டவன், நான் எட்டிப் பாத்தன், பாத்துக்கொண்டிருக்கிற ஆக்களின்ர பேரில உன்ர பேர் கிடந்தது. இஞ்ச பதினொரு மணி, அங்க விடியக்காலமை நாலு மணி. எழும்பி இருந்து பாத்திருக்கிறாய். நான் பேரைக் கண்டும் ஒண்டும் சொல்லாமல் பன்னீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு போட்டன். இதுக்குச் சாட்டுச் சொல்ல என்னட்ட ஒண்டும் இல்லை. சனத்துக்குப் பயந்து என்ர பிள்ளையை வீட்டுக்கு வராத எண்டு சொன்னது நான்தான். அது பிழை, பெரிய பிழை. நீ என்னோட கோபிக்கேல்லை, அதுக்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் ஃபோன் எடுத்தனி. கோபிச்சிருந்தால் எனக்கு லேசா இருந்திருக்கும். இப்ப கோபம் வந்தாலும் வரட்டும், வைச்சுக்கொண்டு இராமல் என்னட்டக் கொட்டு, நான் கேக்கிறன்.

போன மாசம் நீ ஃபோனில, என்னாலதானே அம்மா உங்களுக்கு இவ்வளவு கரைச்சல் எண்டு சொன்னனி. அந்தச் சொல்லை இனி எடுக்காத. நீ எனக்கு ஒரு கரைச்சலும் தரேல்லை, கரைச்சலை எல்லாம் நானே செய்து நானே சுமந்தனான். போன ஞாயிறு கோயிலில புதுசா ஒரு மனிசி, எத்தினை பிள்ளையள், கலியாணமாச்சோ எண்டு கேட்டா. ஒரு மகள், கட்டிப் பிரிஞ்சிட்டாள், கனடாவில மருந்தாளரா இருக்கிறாள், நல்லா இருக்கிறாள் எண்டன். அப்பிடியோ எண்டுபோட்டு, இந்த வடைக்கு உழுந்து எவ்வளவு நேரம் ஊறப்போட்டவை எண்டு கேட்டா. அவ்வளவுதான் பிள்ளை. மூண்டு வருஷம் நான் பயந்தது இதுக்கு. வெளியில வந்து நிண்டால் நல்ல வெயில், நடந்தே வீட்டை வந்தன், அண்டைக்கு முழங்காலும் ஒண்டும் சொல்லேல்லை. வந்து கலண்டரைக் கழட்டிக் குப்பையில போட்டன், அப்பா புதுசொண்டு கொண்டுவந்து கொழுவியிருக்கிறார்.

மங்களேஸ்வரி அக்காவோட இப்ப எல்லாம் சரி. அந்த எண்ணெயைத் தன்ர காதுக்கு விடத் தொடங்கியிருக்கிறா, இரைச்சல் இல்லாட்டிலும் நல்லாக் குளிருதாம். நான் ஜீபியிட்டக் கேட்டுப்போட்டு விடுங்கோ எண்டன், அதைக் கேட்டு டொலறஸ் விழுந்து விழுந்து சிரிச்சா.

உனக்கு ஒண்டு ரெண்டு சொல்லுறன், விருப்பமெண்டால் கேள். பழைய வீட்டில இருந்து கொண்டு வந்த பெட்டியள் ஆறும் இன்னும் பிரிக்காமல் கிடக்கு, பாக்கப் பாக்க அந்தரமா இருக்கு எண்டனி. பிரிக்க மனமில்லையெண்டால் பிரிக்காத, அதுகள் இல்லாமல் மூண்டரை வருஷம் சீவிச்சிட்டாய் தானே. ஒருநாள் மனம் வரும், அண்டைக்குத் திற, வராட்டில் அப்பிடியே ஆருக்கும் குடுத்துவிடு. உன்னோட வேலை செய்யிற தாரகா ஓடப் போறதுக்கு ஒவ்வொரு சனியும் கூப்பிடுறாள் எண்டனி, போ, வேர்க்க வேர்க்க ஓடிப்போட்டு அவளின்ர வீட்டில சாப்பிட்டு வா. பிறகு கலியாணம் கட்டுறியோ இல்லையோ எண்டு நான் கேக்கமாட்டன், ஆரும் கேட்டால் அவளிட்டக் கேளுங்கோ எண்டு சொல்லப்போறன். சந்தோஷமா இருக்கிறதுக்கு ஒரு நாள் குறிச்சுக் காத்திருக்காத, அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது, அதுவும் இந்த மாசிதான் தெரிஞ்சது.

இனி நான் கேக்க வந்தது. வைகாசியில உன்னட்ட வந்து ஒரு மூண்டு கிழமை நிக்க எனக்கும் அப்பாவுக்கும் ஆசை. உன்ர வீட்டில ஒரு ஆளுக்குத்தான் கட்டில் எண்டு தெரியும், எங்களுக்கு நிலம் காணும். உன்ர வேலைக்கோ, கூட்டாளியளுக்கோ, உன்ர பாட்டில இருக்கிறதுக்கோ நாங்கள் இடைஞ்சலெண்டால் சொல்லு, பிறகு ஒரு வருஷம் வருவம், நான் முகம் நீட்டமாட்டன். அப்பா இப்பவே பெரிய குளிர்ச்சட்டையொண்டு வாங்கிப்போட்டார், வைகாசியில அங்க பனி இராதெண்டு சொன்னாலும் கேக்கிறாரில்லை, வீட்டுக்குள்ள போட்டுக்கொண்டு திரியிறார். ரிக்கற் இன்னும் போடேல்லை. முதல் உன்னட்டக் கேக்கோணும் எண்டிருக்கிறம். நாங்கள் வரட்டோ பிள்ளை?

நீ எங்க நிண்டாலும் நல்ல மனிசர் உன்னைச் சுத்தி நிக்கோணும், உன்ர கையால குடுக்கிற மருந்து எல்லாருக்கும் சுகம் தரோணும், உன்ர முகத்தில சிரிப்புக் குறையாமல் நீ நீடூழி வாழோணும் எண்டு நானும் அப்பாவும் ஒவ்வொரு நாளும் கும்பிடுறம். கார் டயர் மாத்தச் சொல்லி அப்பா மூண்டு தரம் சொல்லிப்போட்டார், எழுதும் எழுதும் எண்டு இப்பவும் தோளுக்கு மேலால பாத்துக்கொண்டு நிக்கிறார். விற்றமின் டீ மறக்காமல் எடு, மருந்துக்காரிக்கு நான் சொல்லவேணுமே எண்டு கேக்காத.

மறுமொழி பெரிசா எழுதவேண்டாம், ஃபோனில ஒரு வரி போட்டால் காணும். எப்ப எண்டாலும் அனுப்பு. வியாழக்கிழமை மத்தியானம் அனுப்பினால் நான் குசினிக்குள்ள நிப்பன், அடுப்பு ஆவிக்குக் கண்ணாடி போடேலாது, டொலறஸ்தான் ஃபோனை எடுத்து எல்லாருக்கும் கேக்கச் சத்தமா வாசிப்பா. வாசிக்கட்டும்.

உன்ர நினைவோட
அன்பு அம்மா
ஜெயகௌரி புவனேந்திரன்